கணக்கு நம்முடையது, பணம் யாருடையது?

தையல்கார அக்காவின் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வீட்டில் இருந்தே வேலை. படிப்பு தேவை இல்லை. முன்பணம் கட்ட வேண்டாம். பேங்க் கணக்கு இருந்தால் போதும். மாதம் 25,000 ரூபாய்."

வேலைக்கு முன்பணம் கேட்பவன் ஏமாற்றுக்காரன். இது அக்காவுக்குத் தெரியும். இவர்கள் கேட்கவில்லையே! அதனால் நம்பிக்கை வந்தது.

அக்கா பதில் அனுப்பினார். ஒருவர் போனில் பேசினார். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"எங்கள் கம்பெனிக்கு வரவேண்டிய பணம் உங்கள் கணக்கில் வந்து விழும். நூற்றுக்கு ஐந்து ரூபாய் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை நாங்கள் சொல்லும் கணக்குக்கு உடனே அனுப்புங்கள். அவ்வளவுதான் வேலை."

முதல் நாள் 10,000 ரூபாய் வந்தது. அக்காவுக்கு 500 ரூபாய். மீதி 9,500 ரூபாயை அனுப்பினார். மறுநாள் 50,000 ரூபாய் வந்தது. அக்காவுக்கு 2,500 ரூபாய். மீதி 47,500 ரூபாய் போனது. மிஷின் மிதித்து ஓய்ந்த காலுக்கு இது பெரிய காசு. ஆசை வராமல் இருக்குமா?

ஐந்தாம் நாள் மகளின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்குப் பணம் எடுக்கப் போனார். எடுக்க முடியவில்லை. கணக்கை முடக்கிவிட்டார்கள். அக்கா சிறுகச் சிறுகச் சேர்த்த 8,000 ரூபாயும் உள்ளே மாட்டிக்கொண்டது.

அக்கா பேங்க் மேனேஜரிடம் ஓடினார்.

"சார், நான் யார் பணத்தையும் திருடவில்லையே!"

"நீங்கள் திருடவில்லை அம்மா. திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. வேறு மாநிலத்தில் ஒரு பெரியவரை ஏமாற்றிப் பறித்த பணம் அது. அவர் போலீசில் புகார் கொடுத்துவிட்டார்."

"அப்படியானால் எனக்கு வேலை கொடுத்தவர்?"

"அவர் பெயர் எங்கேயும் இல்லை. உங்கள் பெயர்தான் இருக்கிறது. கம்பெனி என்றால் அதற்குச் சொந்தக் கணக்கு இருக்காதா அம்மா? 2,500 ரூபாய் கொடுத்து உங்கள் கணக்கில் ஏன் வாங்க வேண்டும்?"

அக்காவிடம் பதில் இல்லை.

இப்படிப்பட்ட கணக்கை பேங்குகளில் 'மியூல்' கணக்கு என்கிறார்கள். மியூல் என்றால் கோவேறு கழுதை. முதுகில் இருப்பது யாருடைய சுமை என்று அதற்குத் தெரியாது. இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2010ஆம் ஆண்டிலேயே பேங்குகளை எச்சரித்தது.

இன்னும் மோசமானதும் உண்டு. "உங்கள் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டு மூன்றையும் கொடுங்கள். வாடகை தருகிறோம்" என்று கேட்பார்கள். கொடுத்துவிட்டால், கணக்கில் என்ன வருகிறது, என்ன போகிறது என்றே நமக்குத் தெரியாது. போலீஸ் மட்டும் நம் வாசலுக்குத்தான் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. திருட்டுப் பணம் என்று தெரிந்தே அதை நேர்மையில்லாமல் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஏமாந்தவர், தான் ஏமாந்ததைக் காட்ட வேண்டும். அதற்குச் சாட்சி செல்போனில் உள்ள செய்திகள்தான். பயத்தில் பலர் அவற்றை அழித்துவிடுகிறார்கள். அழிக்கக் கூடாது.

மேனேஜர் சொன்னபடி அக்கா 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தார். இணையப் பண மோசடிக்காக நாடு முழுவதும் உள்ள உதவி எண் இது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன்பு நிறுத்தப் பார்ப்பார்கள். பிறகு அக்கா காவல் நிலையத்துக்கும் போனார். பேங்குக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதினார்.

"ஐயா, வேலை என்று சொல்லி என் கணக்கில் பணம் போட்டார்கள். அவர்கள் சொன்ன கணக்குக்கு நான் அனுப்பினேன். வந்தது 60,000 ரூபாய். அனுப்பியது 57,000 ரூபாய். என்னிடம் உள்ளது 3,000 ரூபாய். அதைத் திருப்பித் தருகிறேன். அவர்கள் அனுப்பிய செய்திகளை இத்துடன் வைத்துள்ளேன். 1930 எண்ணில் புகார் செய்துள்ளேன்."

மேனேஜர் கடிதத்தை வாங்கி, நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார். விசாரணை முடியாமல் கணக்கைத் திறக்க முடியாது என்றார். அக்கா மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கட்டினார்.