நெல் வேருக்கு எட்டாத துத்தநாகம்

நடவு முடிந்து இரண்டு, மூன்று வாரங்களில் சில வயல்களில் பயிர் திட்டுத் திட்டாகக் குன்றி நிற்கும். இளம் இலைகளில் நடு நரம்பின் அடிப்பகுதி வெளுத்துக் காணப்படும். முதிர்ந்த இலைகளில் துருப்பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து பரவும். தூர் கட்டுவது குறையும். இதை நோய் என்று எண்ணி மருந்து அடிப்பவர்களும், தழைச்சத்து போதவில்லை என்று மேலும் யூரியா இடுபவர்களும் உண்டு. இரண்டுமே வீண் செலவு. பயிருக்கு வந்திருப்பது துத்தநாகப் பசி.

இமயமலை அடிவாரத்தில் உள்ள தராய் பகுதியில் இதே கோளாறை உழவர்கள் 'கைரா' என்று அழைத்தனர். காசுக்கட்டியின் நிறம் என்பது அதன் பொருள். இதற்குக் காரணம் துத்தநாகக் குறைவே என்று பந்த்நகரில் பணியாற்றிய ஒய்.எல். நேனே 1966-ஆம் ஆண்டில் தெரிவித்தார். தமிழகத்தில் சோதிக்கப்பட்ட மண் மாதிரிகளிலும் பாதிக்கு மேற்பட்டவை இக்குறை உடையவையே.

துத்தநாகம் அறவே இல்லாத நிலம் அரிது. இருந்தும் பயிர் ஏன் பசித்திருக்கிறது? மண்ணிலுள்ள துத்தநாகத்தில் பெரும் பங்கு களிமண்ணோடும் சுண்ணாம்போடும் ஒட்டிக்கிடக்கிறது. மண் நீரில் கரைந்திருக்கும் மிகச் சிறிதளவைத்தான் வேர் எடுத்துக்கொள்ள முடியும். மண்ணின் கார அமில நிலையைக் குறிக்கும் எண் ஒன்று கூடினால், கரையும் துத்தநாகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். களர் நிலத்திலும் சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும் இக்குறை அதிகம் காணப்படுவது இதனால்தான். வடியாமல் நாட்கணக்கில் நீர் தேங்கும் வயலிலும் துத்தநாகம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாக மாறிவிடலாம்.

கரைந்திருப்பதும் வெகு தூரம் நகர்ந்து வராது. வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதே வேருக்குக் கிடைக்கும். அது தீர்ந்ததும் வேர் வளர்ந்து புது மண்ணைத் தொட வேண்டும். நட்ட புதிதில் வேர்கள் கொஞ்சம்தான் என்பதால் பசியும் அப்போதே தெரிகிறது. நெல் வேர் சும்மா காத்திருப்பதும் இல்லை. ஒருவகைப் பொருளைத் தானே கசியவிட்டு, ஒட்டிக்கிடக்கும் துத்தநாகத்தைக் கொஞ்சம் கரைத்து இழுக்கிறது.

வேரின் தோலிலும் வேர்த்தூவிகளிலும் உள்ள செல்களின் சவ்வில், துத்தநாகத்தை உள்ளே கடத்தும் புரதங்கள் வாயிற்காப்போரைப் போல அமைந்துள்ளன. செல்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாகவும் கொஞ்சம் உள்ளே போகும். ஆனால் வேரின் நடுப்பகுதியைச் சுற்றி நீர் புகாத ஒரு பட்டை உண்டு. அங்கே சந்து வழி அடைபட்டுவிடும். ஏதேனும் ஒரு செல்லுக்குள் நுழைந்துதான் அப்பால் போக முடியும். பிறகு வேறு புரதங்கள் அதை நீர்க்குழாய்களில் ஏற்றுகின்றன. இலை நீரை ஆவியாக்கும்போது மேலேறும் நீரோட்டத்தோடு துத்தநாகமும் தண்டுக்கும் இலைக்கும் செல்கிறது. பற்றாக்குறைக் காலத்தில் முதிர்ந்த இலை தன்னிடம் உள்ளதை இளம் இலைக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. எனவே வேரிலிருந்து வரவு நிற்காமல் இருக்க வேண்டும்.

ஆகவே எவ்வளவு இடுகிறோம் என்பதோடு எங்கே, எப்போது இடுகிறோம் என்பதும் முக்கியம். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, பரம்படித்துச் சமன் செய்த பின், நடவுக்குச் சற்று முன்பாக மேலாகத் தூவ வேண்டும். ஆழ உழுது புதைத்தால் இளம் வேருக்கு எட்டாது. சூப்பர் பாஸ்பேட்டுடன் கலந்து இடவே கூடாது. மணிச்சத்தும் துத்தநாகமும் சேர்ந்து எளிதில் கரையாத பொருளாகிவிடும். கைவேலை மிச்சம் என்று இரண்டையும் ஒரே கூடையில் கொட்டுவது நஷ்டக் கணக்கு. பசுந்தாள் உரம் போதிய அளவு இட்ட வயலுக்கு 5 கிலோவே போதும்.

பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டில் இருக்கும் துத்தநாகம் சுமார் 2 கிலோ. ஒரு டன் நெல் விளைய, வைக்கோலையும் சேர்த்துப் பயிர் எடுப்பதோ 50 கிராம் அளவுதான். மிச்சத்தில் ஒரு பகுதி அடுத்த பயிர்களுக்கும் உதவும். எனவே மண் பரிசோதனை பார்க்காமல் ஒவ்வொரு போகத்துக்கும் இட வேண்டியதில்லை.

நட்ட பின்தான் குறை தெரிந்தது என்றால், தேங்கிய நீரை முதலில் வடித்துவிடலாம். வேர் வழி தாமதமாகும் என்பதால் இலை வழியாகவும் கொடுக்க வேண்டும். 200 லிட்டர் நீரில் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 2 கிலோ யூரியாவும் கரைத்து வடிகட்டி, ஏக்கருக்குத் தெளிக்கலாம். அறிகுறி மறையாவிட்டால் 15 நாள் கழித்து மறுபடி தெளிக்க வேண்டும். குறை உள்ளது என்று முன்னரே தெரிந்த வயலானால், நாற்றின் வேரை லிட்டருக்கு 20 கிராம் துத்தநாக ஆக்சைடு கலக்கிய நீரில் நனைத்து நடுவதும் உண்டு. அது கரையாது, அடியில் படியும். ஒவ்வொரு முடியை நனைக்கும்போதும் கலக்கிவிட வேண்டும்.