டீபக்கரைக் கழட்டினாலும் ஓடணும்!

டீபக்கர் கனெக்ட் ஆகி இருக்கும்போது புரோகிராம் ஜோரா ஓடும். கேபிளைக் கழட்டி போர்டை ரீசெட் பண்ணினா அப்படியே உறைஞ்சு நிக்கும். ரிவ்யூ அன்னிக்கு இது நடந்தா போச்சு! கோட் மாறலையே, அப்புறம் ஏன்?

நம்ம சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழு உருவாக்கிய ஷக்தி புராசஸரையே எடுத்துக்குவோம். அது ரிஸ்க்-ஃபைவ் வகை. அதில் எக்ஸெப்ஷன் வந்தா ஹார்டுவேர் மூணு வேலை செய்யும்: காரணத்தின் நம்பரை எம்காஸ்-ல் எழுதும், சிக்கின இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரியை எம்இபிசி-ல் வைக்கும், எம்டிவெக் காட்டுற முகவரிக்குத் தாவும். அங்கே இருப்பதுதான் நீங்க அசெம்பிளியில் எழுதின ஹேண்ட்லர். எம்காஸ் 2 என்றால் தப்பான இன்ஸ்ட்ரக்ஷன், 3 என்றால் இபிரேக், 5 என்றால் படிக்கக் கூடாத முகவரியைப் படிச்சிருக்கீங்க.

இதில் இபிரேக் மட்டும் தனி ரகம். ஆம்பூர் ஷூ கம்பெனியை நினைச்சுக்கோங்க. டேமேஜ் பீஸ் வந்தா லைன் சூப்பர்வைசரிடம் போகும். பையர் அனுப்பின இன்ஸ்பெக்டர் வந்து நின்னா, அது முதல்ல அவர் கைக்குப் போயிடும். சூப்பர்வைசருக்கு விஷயமே தெரியாது. அதே மாதிரி, ஓபன்ஓசிடி கனெக்ட் ஆனதும் டிசிஎஸ்ஆர் ரெஜிஸ்டரில் இபிரேக்எம் என்ற பிட்டை 1 ஆக்கும். அதுக்கப்புறம் இபிரேக் வந்தா கோர் டீபக் மோடுக்குப் போகும். உங்க ஹேண்ட்லர் ஓடவே ஓடாது, எம்காஸும் மாறாது.

செமிஹோஸ்டிங் வழியா வர்ற பிரிண்ட்எஃப்-க்குள்ளேயும் ஒரு இபிரேக் இருக்கு. டீபக்கர் இருந்தா அதுவே எழுத்தை வாங்கிக் காட்டிட்டு கோரைத் தொடர விடும். இல்லேன்னா ஹேண்ட்லர்தான் கதி. எம்டிவெக்-ஐ செட் பண்ணலைன்னா கோர் எங்கே தாவும்னு சொல்ல முடியாது.

ஹேண்ட்லர் இருந்தும் மாட்டலாம். எம்இபிசி இபிரேக்கையேதான் காட்டும். அதை நகர்த்தாம எம்ரெட் போட்டா, திரும்ப அதே இபிரேக், திரும்ப ஹேண்ட்லர். முடிவே இல்லை. கண்ணை மூடிட்டு 4 கூட்டுறதும் ஆபத்து. சுருக்க இன்ஸ்ட்ரக்ஷன் வசதி இருந்தா அசெம்பிளர் இபிரேக்கை 2 பைட்டா ஆக்கிடும். அதனால அந்த இன்ஸ்ட்ரக்ஷனின் கடைசி 2 பிட்டைப் பாருங்க: ரெண்டும் 1 என்றால் 4 கூட்டுங்க, இல்லேன்னா 2.

எம்காஸ் 2, 5 வந்தா தாண்டிப் போகாதீங்க. அது உண்மையான தப்பு. டீபக்கர் இருந்தாலும் இவை ஹேண்ட்லருக்குத்தான் வரும். அதனால ஜிடிபியில் ஹேண்ட்லரின் முதல் வரியில் பிரேக்பாயிண்ட் வெச்சு, எம்காஸ், எம்இபிசி, எம்டிவால் மூணையும் படிங்க. எந்த வரியில் என்ன ஆச்சுன்னு அதிலேயே தெரிஞ்சிடும்.

ரிவ்யூவுக்கு முந்தின நாள் இதை மட்டும் செய்ங்க: கேபிளைக் கழட்டுங்க, பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, பத்து நிமிஷம் ஓடவிடுங்க. அப்படி ஓடினாத்தான் அது ஓடுற புரோகிராம்.