அரிப்புக் கடலும் உயிர்க்கயிறும்

அரிப்புக் கரையில் இடிந்து நிற்கும் டோரிக் மாளிகை, முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்பொருட்டுத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1801 முதல் 1804 வரை கட்டுவித்ததாகும். மாளிகையைப் போற்றும் நாம், குளிப்போரின் உயிர்காத்த கருவியை எண்ணுவதில்லை. அக்கருவி யாது? கயிறே.

குளிப்போன் கல்லிற் காலூன்றி 5 முதல் 10 பாக ஆழம் இறங்குவான். கல் உடனே மேலே இழுக்கப்படும். அவன் சிப்பிகளைக் கூடையிலிட்டுக் கயிற்றை அசைப்பான். தோணியில் நிற்குந் துணைவன் இழுத்தெடுப்பான். அவகாசம் ஏறக்குறைய ஒரு நிமிடமே.

ஆதலின் உயிர்க்கருவி தேர்வார் மூன்றினை நோக்குக. முதலாவது, பொருள்: தென்னந்தும்பு உப்புநீரில் எளிதில் உக்காது, பருத்தி விரைவில் உக்கும். இக்கால நைலோன் உக்காதெனினும் வெயிலில் நலியும். நிழலில் வைத்தல் வேண்டும். இரண்டாவது, சோதனை: முடிச்சும் உராயும் இடமுமே முதலில் தேய்வன, நாடோறும் தடவிப் பார்த்தல் வேண்டும். மூன்றாவது, பயிற்சி: பனிமலையிற் சறுக்குவோர், சரிவிற் புதையுண்ட தோழரைத் தேடும் கருவி, கோல், பனிவாரி ஆகியவற்றைத் தாமே சுமப்பர், கால் மணி கடப்பின் பிழைத்தல் அரிதென்பதால், அவற்றைக் கையாளவும் பழகுவர்.

பழைய முத்துக்குளிப்பு ஓய்ந்தது, படிப்பினை ஓயவில்லை. மாணவர்காள்! மலிவு கருதி நலிந்த கயிற்றை வாங்கற்க. தோழனின் கயிற்றைக் கையிற் கொண்டவன் கண்ணயரவுங் கூடாது.