டீசல் வண்டிக்கு யூரியாக் கரைசல் – வணிகர் அறிய வேண்டியவை

நம் உறுப்பினர்களில் பலர் சொந்தமாகச் சரக்கு வண்டியோ டீசல் காரோ வைத்திருக்கிறோம். வண்டி இல்லாதவர்களும் லாரி வாடகை கொடுத்துத்தான் சரக்கு இறக்குகிறோம். டீசல் விலை ஏறினால் அன்றைக்கே கணக்குப் போட்டுப் பார்க்கும் நாம், டீசலோடு கூடவே செலவாகும் இன்னொரு திரவத்தைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. ‘ஆட்புளூ’ என்றும் ‘டெஃப்’ என்றும் ‘யூரியாத் தண்ணி’ என்றும் ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். சரக்கு என்ற முறையிலும் செலவு என்ற முறையிலும் இதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

எதற்காக இது?

டீசல் என்ஜின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதி இதன் அளவை வெகுவாகக் குறைத்துவிட்டது. அதனால் லாரிகளிலும் பல கார்களிலும் இந்தக் கரைசலுக்குத் தனியாக ஒரு தொட்டி வைத்தார்கள். என்ஜினிலிருந்து வரும் சூடான புகையில் இது பீய்ச்சப்படுகிறது. சூட்டில் யூரியா அம்மோனியாவாக மாறி, நச்சு வாயுவுடன் சேர்ந்து, அதைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் ஆக்கிவிடுகிறது. எல்லா டீசல் வண்டிக்கும் இது தேவை இல்லை. தனித் தொட்டியும் அதற்கு நீல மூடியும் இருந்தால் உங்கள் வண்டிக்கு இது வேண்டும் என்று பொருள்.

கரைசலில் யூரியா 32.5 சதவீதம், தாது உப்புகள் நீக்கிய தூய நீர் 67.5 சதவீதம். ஐ.எஸ்.ஓ. 22241 என்பது இதற்கான உலகத் தர அளவு. ‘ஆட்புளூ’ என்பது ஜெர்மனி மோட்டார் வாகனத் தொழில் சங்கத்தின் பதிவு பெற்ற வணிகப் பெயர்.

செலவுக் கணக்கு

பெரிய லாரிகளில் 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 லிட்டர் வரை ஆகும். அதாவது 20 லிட்டர் வாளி ஒன்று 400 முதல் 650 லிட்டர் டீசல் வரை தாங்கும். கார்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு லிட்டர். ஓட்டுநர் காட்டும் கணக்கு இதைவிட மிகவும் கூடினாலும் சந்தேகப்பட வேண்டும். மிகவும் குறைந்தாலும் சந்தேகப்பட வேண்டும். குறைந்தால், பீய்ச்சும் கருவி வேலை செய்யாமல் இருக்கலாம்.

தொட்டி காலியாகும்வரை விட்டுவிட்டால் முதலில் எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு லாரியின் இழுவை குறையும். பல கார்களில், தொட்டி வற்றிய பின் என்ஜினை நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பொங்கல், தீபாவளி சரக்கோடு வண்டி நடுவழியில் நின்றால் நட்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

கலப்படம் எங்கே நடக்கிறது?

யூரியாவும் தண்ணீரும்தானே, நாமே கலக்கிக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். வயலுக்குப் போடும் யூரியா வேப்பெண்ணெய் பூசியது. பையூரெட் என்னும் கழிவுப் பொருளும் அதில் கூடுதல். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் உண்டு. இவை முனையை அடைத்து, விலை உயர்ந்த வினையூக்கியையே பாழாக்கிவிடும். வாளியில் மிச்சம் பிடித்த பணம் பட்டறையில் பல மடங்காகப் போய்விடும். மேலும், விவசாயிக்கு மானியத்தில் கொடுக்கும் யூரியாவை வேறு தொழிலுக்குத் திருப்புவது 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம்.

செறிவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி உண்டு. 31.8க்கும் 33.2க்கும் இடையில் காட்ட வேண்டும். ஆனால் இது யூரியாவின் அளவை மட்டுமே காட்டும், அழுக்கைக் காட்டாது. ஆகவே முத்திரை உடையாத வாளி, தயாரிப்புத் தேதி, தொகுதி எண், முறையான பில் ஆகிய நான்கும் இல்லாத சரக்கை வாங்க வேண்டாம்.

இருப்பு வைக்கும் முறை

நம் ஊர் வெயிலுக்கு இதுதான் முக்கியம். 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம், 30 டிகிரிக்குள் 12 மாதம், 35 டிகிரிக்குள் 6 மாதம் தாங்கும். அதற்கு மேல் சூடேறினால் காலக்கணக்கே கிடையாது. ஊற்றும் முன் சோதிக்க வேண்டும். தகரக் கூரை கோடவுனில் சித்திரை, வைகாசியில் என்ன சூடு இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

1. மாதம் 5 லிட்டர் செலவாகும் கடைக்காரர் ஒரு வாளிக்கு மேல் வாங்கி வைப்பதில் லாபம் இல்லை. முதலில் வந்தது முதலில் போகட்டும்.

2. பிளாஸ்டிக் கேன் அல்லது துருப்பிடிக்காத எஃகு மட்டுமே ஏற்றது. செம்பு, பித்தளை, நாகம் பூசிய தகரம் ஆகியவை ஆகவே ஆகாது. எண்ணெய் டின்னிலோ மண்ணெண்ணெய்ப் புனலிலோ ஊற்றக்கூடாது.

3. உணவுப் பண்டங்களுடன் அடுக்க வேண்டாம். சிந்தினால் வெள்ளைப் படிகமாக உறையும்; உடனே தண்ணீர் விட்டுக் கழுவவும்.

4. தவறிப்போய் டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் சாவியையே திருப்பக்கூடாது. மெக்கானிக்கை அழைத்துத் தொட்டியைச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும்.

தென் கொரியா கற்ற பாடம்

2021 அக்டோபரில் சீனா தன் உள்நாட்டுத் தேவைக்காக யூரியா ஏற்றுமதியை இறுக்கியது. தென் கொரியா தொழிலுக்கு வேண்டிய யூரியாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் சீனாவிடமே வாங்கி வந்தது. கட்டுபடி ஆகவில்லை என்று சொந்த உற்பத்தியை ஏற்கெனவே கைவிட்டிருந்தது. சில வாரங்களில் விலை பல மடங்கு ஏறியது. லாரிகள் வரிசையில் நின்றன. நவம்பரில் அரசு பதுக்கலைத் தடை செய்து, காருக்கு 10 லிட்டர், லாரிக்கு 30 லிட்டர் என்று அளவு வைத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து இராணுவ விமானத்தில் 27,000 லிட்டர் கொண்டுவந்தார்கள். டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்கே தட்டுப்பாடு வந்தது.

டீசல் இருந்தது, லாரி இருந்தது, சரக்கும் இருந்தது. மலிவான ஒரு திரவம் இல்லாததால் எல்லாம் நின்றன. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒரே இடத்தை நம்பி வியாபாரம் செய்யக்கூடாது என்பது மளிகைக்கும் பொருந்தும் பாடம். உறுப்பினர்கள் இந்தக் கரைசலுக்கு நம்பகமான விற்பனையாளர் இருவரை வைத்துக்கொண்டு, தேவைக்கு அளவாக வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துவார்களாக.