சந்தகை தின்ற வாய்க்கு ராமென்

பனியன் வியாபாரத்துக்காகத் திருப்பூரிலிருந்து டோக்கியோ போய் வந்தவன் நான். சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிற நம்ம கொங்குப் பிள்ளைகள் முதல்முறை ராமென் என்கிற ஜப்பானிய நூடுல்ஸ் கடைக்குள் போய் முழிக்க வேண்டாம் என்றுதான் இதைச் சொல்கிறேன், கண்ணுகளா.

1. மேகியை வைத்து ராமெனை எடை போடாதீங்க. பொட்டல ராமெனை மோமோஃபுகு ஆண்டோ விற்க ஆரம்பித்தது 1958இல். டோக்கியோ அசகுசாவில் ரைரைகென் கடை, யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையல்காரர்களைக் கூட்டிவந்து 1910இலேயே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டது.

2. "சைவமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "சாறு எதில் காய்ச்சினது?" என்று கேளுங்க. டொங்கொட்சு என்றால் பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டது. ஷோயு, மிசோ, ஷியோ எல்லாம் சுவைக்கு வைத்த பெயர்கள். அடியில் கோழியோ மீனோ இருக்கலாம். ஒரு புரட்டாசியில் மேலே குவிந்திருந்த காய்கறியை நம்பிப் பாதிக் கிண்ணம் குடித்தேன். பிறகுதான் தெரிந்தது, மாசிக்கருவாடு மாதிரி காயவைத்த சூரை மீன் போட்ட சாறு என்று.

3. சாற்றை முதலில் ஒரு வாய் குடியுங்க. மிளகாய்ப்பொடியெல்லாம் அப்புறம். கடைக்காரரின் உழைப்பு அதில்தான் இருக்கிறது.

4. இழை மஞ்சளாக, இழுவையாக இருக்கிறதே என்று பயப்படாதீங்க. நாம் உளுந்து மாவில் அப்பளக்காரம் சேர்ப்பது மாதிரி, அவர்கள் அந்த வகை உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கோதுமை மாவில் விட்டுப் பிசைகிறார்கள்.

5. கிண்ணம் வந்ததும் சாப்பிடுங்க. போட்டோ எடுத்துக்கொண்டு நின்றால் இழை ஊறிக் கொழகொழத்துவிடும். இட்லி ஆவி பறக்கும்போதே அச்சில் போட்டால்தானே சந்தகை இறங்கும்? இங்கேயும் சூடுதான் கணக்கு.

6. உறிஞ்சிச் சத்தம் போட்டுச் சாப்பிடலாம். ஜப்பானில் அது மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குப் பண்டத்தை மாற்றாதீங்க. தகனம் முடிந்து எலும்பை அங்கே அப்படித்தான் எடுப்பார்கள். குச்சி பிடிக்க வரவில்லையா, முள்கரண்டி கேளுங்க. வெட்கம் எதற்கு?

7. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்க. "வெறும் நூடுல்ஸ்" என்று மட்டும் சொல்லிவிடாதீங்க. அரிசியை ஊறவைத்து, ஆட்டி, வேகவைத்து, மூச்சு வாங்கப் பிழிந்த சந்தகையை ஒரு வெளியூர்க்காரர் "வெறும் இடியாப்பம்" என்றால் உங்க அம்மாயி சும்மா விடுவாளா?