வெறும் ஃபிரேமிலிருந்து ஒரு மவுன்டன் பைக்

உதிரியாக வாங்கி வீட்டிலேயே மவுன்டன் பைக் பூட்ட நினைப்பவர்கள் முதலில் ஸ்பேனரைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது ஃபிரேமோடு வரும் அளவுத் தாளை. பணம் மிச்சமாகும் என்ற நினைப்பிருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். அதே பாகங்கள் பூட்டிய முழு சைக்கிள் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும். ஒவ்வொரு பாகத்தையும் தானே தேர்ந்தெடுக்க வேண்டும், வழியில் கோளாறு வந்தால் தானே கழற்றிப் பூட்ட வேண்டும் என்பவர்களுக்கான வேலை இது.

29 அங்குலச் சக்கரம், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், பின்னால் 12 கியர், அலுமினிய ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய ஃபிரேம்களில் பின் ஹப் அகலம் பொதுவாக 148 மில்லிமீட்டர், முன்னால் 110. இதைத்தான் 'பூஸ்ட்' என்கிறார்கள். பழைய சைக்கிளில் கழற்றி வைத்த 135 அல்லது 142 சக்கரம் இதில் சரியாக உட்காராது. ஷிமானோ டியோர் 12 கியர் காசெட் வாங்கினால் ஹப்பில் 'மைக்ரோ ஸ்ப்லைன்' ஃப்ரீஹப் இருக்க வேண்டும், பழைய எச்.ஜி. வகையில் அது ஏறாது. சீட் போஸ்ட்டில் இன்னும் நுணுக்கம். 31.6 கேட்கும் ஃபிரேமில் 30.9 போஸ்ட் தாராளமாக உள்ளே போகும், ஆனால் பிடிக்காது. பிரேக் வாங்கும்போது, பின் பிரேக்குக்குப் போகும் நீளக் குழாய் எந்த லீவரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊர் வழக்கப்படி முன் பிரேக் வலது கைக்கு வர வேண்டும். சில நாடுகளுக்கான செட்டில் இது தலைகீழ்.

கருவிகளில் ஆலன் கீ செட், டி25 டார்க்ஸ், செயின் கட்டர், பாட்டம் பிராக்கெட் டூல், கிரீஸ் இவை இல்லாமல் முடியாது. டார்க் ரெஞ்ச் ஆடம்பரம் அல்ல. அலுமினியத்தில் மரை போனால் போனதுதான். ஸ்டாண்டில் மாட்டும்போது சீட் போஸ்ட்டைப் பிடிக்க வையுங்கள். ஃபிரேம் குழாயை நெருக்கினால் நசுங்கிவிடும்.

கேபிளும் பிரேக் குழாயும் ஃபிரேமுக்குள் ஓடுகிற வகை என்றால் அவற்றைத்தான் முதலில் இழுக்க வேண்டும். பாட்டம் பிராக்கெட்டை மாட்டிய பிறகு உள்ளே துழாவ இடமிருக்காது. ஒரு துளையில் தையல் நூலை விட்டு, மறுமுனைத் துளையில் வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினால் நூல் வந்துவிடும். அதில் கட்டிக் கேபிளை இழுக்கலாம்.

அடுத்தது ஹெட்செட். கப்பை அடித்து இறக்காதீர்கள். ஹார்டுவேர் கடையில் நீள மரைக் கம்பி, இரண்டு நட், பெரிய வாஷர்கள் வாங்கினால் பிரஸ் தயார். கிரீஸ் தடவி, ஒரு நேரத்தில் ஒரு கப்பாக, கோணாமல் இறுக்குங்கள். கோணினால் உடனே நிறுத்தி வெளியே எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இந்த வேலை முழுவதிலும் திருத்த முடியாத இடம் ஒன்றுதான்: ஃபோர்க்கின் ஸ்டீயரர் குழாயை வெட்டுவது. அவசரப்படாதீர்கள். ஃபோர்க், பேரிங், ஸ்பேசர்கள், ஸ்டெம் எல்லாவற்றையும் வெட்டாமலே அடுக்குங்கள். ஸ்டெம்முக்கு மேலே 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் ஒன்றையும் வையுங்கள். ஹாண்டில்பார் உயரம் பிடிக்காமல் போனால் அது கை கொடுக்கும். மேல் ஸ்பேசரின் விளிம்பில் கோடு போட்டு, கழற்றி, கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் கீழே வெட்ட வேண்டும். பழைய ஸ்டெம் ஒன்றை வெட்ட வேண்டிய இடத்தில் இறுக்கினால் ஹாக்சா பிளேடு அதன் ஓரமாக நேரே போகும். பிசிரை அரத்தால் எடுத்துவிட்டு, ஸ்டார் நட்டை விளிம்பிலிருந்து சுமார் 15 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேராக இறக்குங்கள்.

மறுபடி அடுக்கும்போது மேல் மூடி போல்ட்டை முதலில் இறுக்க வேண்டும், ஸ்டெம் போல்ட்டைப் பிறகு. மூடியின் வேலை ஆட்டத்தை எடுப்பது மட்டுமே. பிடித்து நிறுத்துவது ஸ்டெம். வழக்கமாக 5 நியூட்டன் மீட்டர் போதும், ஸ்டெம்மிலேயே எழுதியிருப்பார்கள்.

73 மில்லிமீட்டர் மரை வகை பாட்டம் பிராக்கெட்டில் வலது கப் இடது மரை. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். இரண்டு கப்பையும் முதல் சில சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு வராவிட்டால் மரையில் பெயின்ட் அடைத்திருக்கிறது என்று பொருள். சுத்தம் செய்யாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். கிராங்க்கை நுழைத்து, பிளாஸ்டிக் மூடியைக் கையளவு இறுக்கி, இடது கிராங்க் கையின் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். பெடலில் இடது பக்கம் இடது மரை.

டிஸ்க்கைக் கிரீஸ் கையால் தொட்டால் பிரேக் கத்தும். காலிப்பர் போல்ட்டைத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே இறுக்கினால் பெரும்பாலும் நடுவில் வந்து நிற்கும். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். டாட் ஆயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் எல்லாம் கெட்டுவிடும்.

செயின் நீளத்துக்கு, கியர் மாற்றும் டீரெய்லர் கையேட்டில் உள்ள கணக்கையே பின்பற்றுங்கள், சந்தேகமிருந்தால் நீளமாகவே விடுங்கள். டீரெய்லரின் எச், எல் ஸ்க்ரூக்களை முதலில் அமைத்துவிட்டு அப்புறம் கேபிளை மாட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கியர் தடுமாறினால், டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும். புதிய ஃபிரேமிலும் பார்சலில் அது வளைவதுண்டு.

ஓட்டுவதற்கு முன் முன் பிரேக்கைப் பிடித்து, ஹெட்செட் இணைப்பில் விரல் வைத்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று விரலில் பட்டால் இன்னும் ஆட்டம் இருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கினால் ஹாண்டில்பார் தானாகச் சாய வேண்டும்; சாயாவிட்டால் இறுக்கம் அதிகம். பிறகு ஆளில்லாத தெருவில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருபது முறை வேகம் எடுத்துக் குறையுங்கள். அதற்குப் பிறகுதான் பேட் முழுப் பிடி கொடுக்கும். முதல் நீண்ட ஓட்டம் முடிந்ததும் கிராங்க், ஸ்டெம், டிஸ்க் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். கேபிளும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பேரல் அட்ஜஸ்டரில் அரைச் சுற்று போதும்.