கணிப்பொறியின் முன்புற ஜாக்கில் ஒலி கேளாவிடில்

காணொலி வாயிலாக நடைபெறும் பயிற்சிகளும் ஆலோசனைக் கூட்டங்களும் பெருகிவிட்ட இந்நாளில், சங்கத்துக் கணிப்பொறியில் ஒலி கேளாமற் போவதைச் சிறு குறையென்று தள்ளிவிடுவதற்கில்லை. பருத்திப் பயிரின் பூச்சி பற்றியோ நெசவாளர் கடன் பற்றியோ ஒருவர் விளக்கிக்கொண்டிருக்க, நமது செயலாளர் திரையில் அசையும் உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது.

திருவேங்கடம் வட்டாரத்துச் சங்கமொன்றில், முன்புற ஜாக்கில் ஒலி வரவில்லையென்று மதர்போர்டையே மாற்றுவதற்கான விலைப்புள்ளி ஒப்புதலுக்குக் காத்திருந்தது. அதே ஹெட்போனைப் பெட்டியின் பின்புறத்துப் பச்சை நிற ஜாக்கில் செருகச் செய்தோம். ஒலி தெளிவாகக் கேட்டது. எனவே ஹெட்போனிலும் குறையில்லை. மதர்போர்டை மாற்றவும் அவசியமில்லை. சங்க நிதியிலிருந்து ஒரு ரூபாய் வெளியேறுமுன் இந்த ஒரு நிமிடச் சோதனை நடைபெற்றிருக்க வேண்டும் என்பது நமது கருத்து.

முன்புற ஜாக்கினை மதர்போர்டுடன் ஒரு மெல்லிய வடம் இணைக்கிறது. அது சென்று சேருமிடத்தில், ஐந்தைந்தாக இரு வரிசைகளில் ஊசிகள் இருக்கும். 8-ஆம் ஊசி மட்டும் இராது. அது பழுதன்று, வடத்தைத் தலைகீழாகச் செருகாதிருப்பதற்கான ஏற்பாடே. யு.எஸ்.பி. வடத்திற்குரிய இடத்திலும் 9 ஊசிகளே உண்டெனினும், அங்கு வெற்றிடம் மூலையில் அமைந்திருக்கும். இரண்டையும் மாற்றிச் செருகலாகாது. பெட்டியைத் துப்புரவு செய்தவர் வடத்தை மீண்டும் மாட்ட மறந்திருப்பதுண்டு. மின் இணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டே பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

சில வடங்களின் முனையில் எச்.டி. ஆடியோ, ஏ.சி. 97 என இரு செருகிகள் தொங்கும். பின்னது 1997-இல் வந்த பழைய முறை. முன்னது 2004-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்டது. புதிய முறையில், ஹெட்போன் செருகப்பட்டதும் ஜாக்கினுள் இருக்கும் சிறு சுவிட்சு அச்செய்தியை மதர்போர்டுக்கு அறிவிக்கும். பழைய முறையில் அவ்வறிவிப்பு இல்லை. ஆகவே புதிய மதர்போர்டில் பழைய செருகியை மாட்டினால், ஹெட்போன் இருப்பதையே கணிப்பொறி உணராது. எச்.டி. செருகியை மாட்டுவதே முறை. அது இல்லாத பழைய பெட்டியாயின், ஒலிக்குரிய மென்பொருளில் முன்புற ஜாக்கினைக் கண்டறியும் வசதியை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் ஒலி கிடைக்கும்.

வடம் சரியாயிருந்தும் பயனில்லையெனில் ஜாக்கினுள் நோக்குக. கரிசற்புழுதியும் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசும் அதனுள் அடைந்துகொள்வது நம் பக்கத்தில் வியப்பன்று. உலர்ந்த மெல்லிய தூரிகையால் நீக்கலாம். ஊக்கு, குண்டூசி ஆகியவற்றால் குத்துதல் கூடாது. ஒரு காதில் மட்டும் ஒலி வந்து, செருகியைத் திருகினால் மற்றதிலும் வருமாயின், ஜாக் தேய்ந்துவிட்டது எனக் கொள்க.

கைப்பேசியின் ஹெட்போனைச் செருகி, கேட்க முடிகிறது, பேச முடியவில்லை என்போரும் உளர். அதன் செருகியில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். ஒலிவாங்கிக்குத் தனி ஜாக் உள்ள கணிப்பொறிக்கு அது பொருந்தாது. இரு கிளையாகப் பிரியும் சிறு இணைப்பு வடம் வாங்கினால் போதும்.